சோதனைக்கு முந்தின நாள்: கஞ்சாக் கடை லைசென்சும் பட்டாசுக் கடை லைசென்சும்

1

தமிழில் ‘சோதனை’ என்கிற சொல் ரொம்பவும் சுமை தாங்குகிற சொல். கடவுள் பக்தனுக்குக் கொடுப்பது சோதனை. பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் பையன்கள் செய்வது சோதனை. போலீஸ்காரர் வீடு புகுந்து பெட்டி, பானையைக் கவிழ்ப்பது சோதனை. லைசென்ஸ் எடுத்துக் கடை நடத்துகிறவரிடம் அதிகாரி வந்து ரிஜிஸ்டரைப் புரட்டுவதும் சோதனைதான். இந்தக் கடைசி இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையின் அக்கறை. ஒன்றுக்கு யாரும் தயாராக முடியாது. இன்னொன்றுக்குத் தயாராகலாம், தயாராகத்தான் வேண்டும்.

விருதுநகரிலிருந்து சாத்தூர் போகிற பெருவழியில் இருக்கிறது சூலக்கரை. சிட்கோ தொழிற்பேட்டை அங்கே. மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் பக்கத்திலேயே. தீபாவளிக்கு ஒன்றிரண்டு மாதம் இருக்கும்போது தற்காலிகப் பட்டாசுக் கடை லைசென்சுக்கான மனுக்கள் இந்த மாவட்டத்தில் அந்த ஆபீசை நோக்கித்தான் நகரும். கடையின் வரைபடம், பணம் கட்டிய சலான், வாடகை ஒப்பந்தம், வரி ரசீது, போட்டோ. அப்புறம் வருவாய்த் துறை, போலீஸ், தீயணைப்புத் துறை என்று ஆட்கள் வந்து பார்ப்பார்கள். ‘நாளைக்குச் செக்கிங்’ என்ற இரண்டு சொற்களுக்கு இந்த வட்டாரத்தில் இருக்கிற அர்த்தத்தை எந்த அகராதியிலும் தேட முடியாது. மணல் வாளி நிரம்பும், அணைப்பான் வாசலுக்கு வரும், ‘புகை பிடிக்காதீர்’ பலகை தூசி தட்டப்படும், நோட்டில் நேற்று வரைக்குமான கணக்கு ஏறும்.

இதே சூலக்கரையில் போலீஸ் நிலையமும் இருக்கிறது. கஞ்சா என்ற சொல் இன்றைக்கு அந்தக் கட்டடத்துக்குள்தான் புழங்க முடியும்: ரெய்டு, பறிமுதல், ரிமாண்டு. ஆனால் நூறு வருஷத்துக்கு முந்திய சென்னை மாகாணத்தில் கஞ்சாவும் ஒரு கடைச் சரக்கு. அதற்கும் லைசென்ஸ் இருந்தது, கணக்கு நோட்டு இருந்தது, வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற இன்ஸ்பெக்டர் இருந்தார். இன்று பட்டாசுக் கடைக்காரர் செய்கிற ஆயத்தத்தை அன்று கஞ்சாக் கடைக்காரர் செய்தார். இந்த ஒற்றுமை தற்செயல் இல்லை. இரண்டு கடைகளும் ஒரே சட்ட இலக்கணத்தில் எழுதப்பட்டவை.

2

வரிசையைப் பாருங்கள். 1878-இல் அபினிச் சட்டம். அதே ஆண்டில் ஆயுதச் சட்டம். 1884-இல் வெடிபொருள் சட்டம். 1886-இல் சென்னை ஆப்காரிச் சட்டம். எட்டே வருஷத்துக்குள் போதையும் துப்பாக்கியும் வெடிமருந்தும் ஒரே மாதிரியான வாக்கிய அமைப்புக்குள் கொண்டுவரப்படுகின்றன. முதல் வாக்கியம் எல்லோருக்கும் தடை விதிக்கும். இரண்டாவது, லைசென்ஸ் வாங்கினவனுக்கு விலக்குத் தரும். மூன்றாவது, அந்த விலக்குக்கான நிபந்தனைகளை அடுக்கும். நாலாவது, உள்ளே நுழைந்து பார்க்கிற உரிமையை ஓர் அதிகாரிக்குக் கொடுக்கும். சரக்கு எதுவாக இருந்தாலும் இலக்கணம் ஒன்றுதான்.

இந்த அதிகாரி யார்? சென்னை மாகாணத்தில் அவர் உப்பு-ஆப்காரி இலாகாவின் ஆள். பேரிலேயே விஷயம் இருக்கிறது. உப்புக்கும் கள்ளுக்கும் கஞ்சாவுக்கும் பொதுவானது என்ன? உடம்பு கெடும் என்பதா? இல்லை, மூன்றும் வரி தரும். நிலவரிக்கு அடுத்து மாகாண கஜானாவை நிரப்பிய வருமானங்களில் ஆப்காரிக்கு முக்கியமான இடம். ஆகவே சோதனை என்பது பிறக்கும்போதே வரிக்காகப் பிறந்தது. வரி கட்டாத சரக்கு உள்ளே வந்திருக்கிறதா என்பதுதான் அதன் ஆதிக் கேள்வி. குடிக்கிறவன், புகைக்கிறவன் உடம்பு பற்றிய கவலை பின்னால் சேர்ந்துகொண்டது.

பனங்காட்டைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மரவரி முறையில் கள் இறக்கும் மரங்களுக்கு அடையாளம் இட்டார்கள். பதநீர்தான் இறக்குகிறேன் என்று சொல்கிறவர் பானைக்குள் சுண்ணாம்பு தடவியிருக்க வேண்டும். தடவவில்லை என்றால் அது கள். கள் என்றால் குற்றம். மரத்தின் உச்சியில் தொங்குகிற ஒரு மண்பானையின் உள்பக்கம் வரைக்கும் அரசின் கண் போயிருக்கிறது. ஃபூக்கோ ஐரோப்பியச் சிறைச்சாலையை வைத்துக் கண்காணிப்பைப் பேசினார். நம் பக்கம் அதைப் பேச பனைமரமே போதும்.

3

கஞ்சாவுக்கு வருவோம். சித்த மருத்துவம் இதற்குச் சிவமூலி என்றும் கோரக்கர் மூலி என்றும் மரியாதையாகப் பேர் வைத்திருக்கிறது. பண்டாரங்களும் வைத்தியர்களும் புழங்கிய ஒரு செடியை லைசென்ஸ் கடைக்குள் கொண்டுவந்து அடைத்தது ஆப்காரி நிர்வாகம்தான். சென்னை மாகாணத்தில் கிருஷ்ணா மாவட்டத்துச் சந்தராவூர்ப் பக்கமும் வடாற்காட்டின் ஜவ்வாது மலையும் கஞ்சா விளைந்த இடங்களாகப் பதிவாகியிருக்கின்றன. வங்காளத்தில் ராஜ்ஷாகி மாவட்டத்து நவகாவ் வட்டாரத்துக்கே ‘கஞ்சா மகால்’ என்று பேர். 1917-இல் அங்கே கஞ்சா விவசாயிகளுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கமே ஏற்பட்டது.

லைசென்ஸ் கடையின் நிபந்தனைகள் மாகாணத்துக்கு மாகாணம் மாறினாலும் சாரம் ஒன்று. குறிப்பிட்ட இடத்தில் மட்டும் விற்க வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு தடவைக்கு இத்தனை தோலாவுக்கு மேல் கொடுக்கக் கூடாது (ஒரு தோலா ஏறத்தாழ 11.66 கிராம்). அரசாங்கம் அனுமதித்த இடத்தில்தான் சரக்கு எடுக்க வேண்டும். வழியில் கொண்டுவர ரகதாரிச் சீட்டு வேண்டும். அன்றாடம் கணக்கு எழுத வேண்டும். அதிகாரி கேட்டால் சரக்கையும் நோட்டையும் காட்ட வேண்டும். இந்த உரிமையைப் பெரும்பாலும் ஏலத்தில் எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் உயர்த்திக் கேட்டவர், போட்ட பணத்தை வருஷத்துக்குள் எடுத்தாக வேண்டும். ஒரு கையால் விற்பனையைக் கட்டுப்படுத்து என்று சொல்லி, மறு கையால் விற்றுத் தீர்க்க வேண்டிய கட்டாயத்தை அரசே உண்டாக்கியது.

இந்தக் கடைக்காரர் சோதனைக்கு எப்படித் தயாராவார்? ஒரே ஒரு சிக்கலை எடுத்துக்கொள்வோம். கஞ்சா காய்கிற சரக்கு. இருப்பு வைத்தால் எடை குறையும், உதிரும், தூளாகும். வாங்கின எடையிலிருந்து விற்ற எடையைக் கழித்தால் கையில் இருக்க வேண்டிய எடை வரும் என்பது கணக்கு வாத்தியார் சொல்வது. தராசு அப்படிச் சொல்லாது. உலர்ச்சிக்கும் சேதாரத்துக்கும் எவ்வளவு கழிவு கொடுக்கலாம் என்பது கஞ்சா நிர்வாகத்தில் ஓயாத ஒரு தலைவலி. கழிவைத் தாராளமாகக் கொடுத்தால் அந்தச் சந்தில் கள்ளச் சரக்கு போகும். இறுக்கிப் பிடித்தால் நேர்மையாக வியாபாரம் பண்ணுகிறவனும் நோட்டில் பொய் எழுதித்தான் ஆக வேண்டும். உள்ளபடி எழுதினால் சந்தேகம் வரும். சரிக்கட்டி எழுதினால் கையெழுத்து விழும். அப்ப அவன் என்ன செய்வான்? சரக்கைப் பார்த்து நோட்டு எழுதுவதை விட்டுவிட்டு, அதிகாரியின் கண்ணைப் பார்த்து எழுதப் பழகுவான். இதை ஒரு தனி மனுஷனின் ஒழுக்கக் கேடாகப் பேசி முடித்துவிட முடியாது. ரிஜிஸ்டரின் வடிவமே அவனுக்கு அதைக் கற்றுத்தருகிறது.

4

இந்த இடத்தில் நம் வரலாற்றில் ஒரு விசித்திரமான சம்பவம் குறுக்கிடுகிறது. 1893 மார்ச்சில் மதுவிலக்குப் பற்றாளரான கெயின் என்ற உறுப்பினர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வங்காளக் கஞ்சா பற்றிக் கேள்வி எழுப்பினார். அந்த ஜூலையிலேயே இந்தியக் கஞ்சா ஆணையம் நியமிக்கப்பட்டது. தலைவர் மாக்வொர்த் யங். தலைவரோடு சேர்த்து ஏழு பேர். அதில் மூன்று பேர் இந்தியர். மாகாணம் மாகாணமாகப் போய், எழுபது கேள்விகள் கொண்ட வினாத்தாளை வைத்துக்கொண்டு, 1,193 சாட்சிகளின் வாக்குமூலத்தைச் சேர்த்து 1894-இல் அறிக்கை தந்தார்கள். மிதமான பழக்கம் பெரிய கெடுதல் செய்வதாகத் தெரியவில்லை, முழுத் தடை தேவையும் இல்லை, உசிதமும் இல்லை. வரியைப் போதுமான அளவு வை, லைசென்ஸ் இல்லாத பயிரை நிறுத்து, கடைகளின் எண்ணிக்கையைக் குறை, ஒருவர் வைத்திருக்கக்கூடிய அளவுக்கு வரம்பு கட்டு என்பது அவர்கள் முடிவின் சுருக்கம். கஞ்சாக் கொள்கை பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்த முடிவைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு.

கஞ்சா குடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்பதற்கு அன்று அசைக்க முடியாத ஆதாரமாகக் காட்டப்பட்டது பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளின் ரிஜிஸ்டர். அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். பக்கத்துக்குப் பக்கம் ‘கஞ்சா’ என்று எழுதியிருக்கும். ஆணையம் அந்தப் புள்ளிவிவரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. 1892-ஆம் வருஷத்தில் கஞ்சாவால் வந்ததாகப் பதிவான 222 பேரின் வரலாற்றை ஒவ்வொன்றாகத் தோண்டினார்கள். ஊருக்கு ஆள் அனுப்பி, உறவுக்காரர்களை விசாரித்து, இந்தக் காரணம் எங்கிருந்து வந்தது என்று தேடினார்கள். நோயாளியைக் கொண்டுவந்துவிட்ட போலீஸ்காரர் தந்த விவரக் குறிப்பிலிருந்துதான் பல இடங்களில் அது வந்திருந்தது. கட்டம் காலியாக இருந்தால் மேலே இருந்து கேள்வி வரும். எனவே கட்டத்தை நிரப்ப ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல் கஞ்சா. ஓரளவாவது கஞ்சாவோடு தொடர்புபடுத்தலாம் என்று கடைசியில் தேறியது 222-இல் பாதியைக்கூடத் தொடவில்லை.

கடையைச் சோதிக்கிற அதிகாரிகள் ஆயிரம் பேர் இருந்த ஓர் ஆட்சியில், ரிஜிஸ்டரையே சோதனைக்கு உட்படுத்திய அபூர்வமான ஒரு தருணம் இது. காலனிய அரசின் மேல் நமக்கு எந்த மயக்கமும் வேண்டியதில்லை. அந்த 1,193 பேரில் பெருவாரியானவர்கள் அதிகாரிகள், டாக்டர்கள், மிஷனரிகள், வியாபாரிகள், கனவான்கள். கஞ்சா குடிக்கிற கூலிக்காரன் குரல் அங்கே மிகவும் மெலிந்துதான் கேட்கிறது. வருமானம் கெடக் கூடாது என்ற கணக்கும் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்திருக்கும். ஆனாலும் முறை என்ற அளவில் அது நமக்குக் கற்றுத்தருகிற பாடம் ஒன்று உண்டு. காகிதம் ஒரு விஷயத்தைச் சொன்னால், அந்தக் காகிதம் எப்படி எழுதப்பட்டது என்று கேட்க வேண்டும். காகிதத்துக்கு வெளியே போய் மனிதரைக் கேட்க வேண்டும்.

5

பிற்பாடு நடந்தது தெரிந்த கதை. 1937 அக்டோபர் 1-இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948 அக்டோபர் 2-இல் அது மாகாணம் முழுக்கப் பரவியது. அந்தச் சட்டம் மதுவோடு போதை மருந்தையும் சேர்த்தே தடை செய்தது. கள்ளுக்கடை போன வழியில் கஞ்சாக் கடையும் போனது. 1985-இல் மத்திய அரசின் போதைப் பொருள் சட்டம் வந்து மிச்சத்தையும் மூடியது. அந்தச் சட்டத்தின் வரையறையில் கஞ்சாச் செடியின் வெறும் இலை வராது என்பதால் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு அனுமதி பெற்ற பாங்கு கடைகள் தொடர்ந்தன. நமக்கு 1937 சட்டம் இருப்பதால் அந்த இடைவெளியும் இல்லை. அதே 1985-இன் மார்ச்சில்தான் பழைய இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து இந்த மாவட்டம் உருவானது. ஆக, இந்த மாவட்டத்தின் ஆட்சியருக்குக் கஞ்சாக் கடை லைசென்ஸ் என்ற ஒரு ஃபைலைத் தொட வேண்டிய அவசியமே வந்ததில்லை.

கடை போனது, இலக்கணம் போகவில்லை. அது பக்கத்து ஃபைலில் வளர்ந்துகொண்டிருந்தது. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிச் சிவகாசியில் தீப்பெட்டி செய்ய ஆரம்பித்தார்கள். 1934-இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. பெட்டிக்குப் பெட்டி பேண்ட்ரோல் ஒட்டினார்கள். அதாவது ஆப்காரியின் முத்திரை தீப்பெட்டியின் நெற்றியில் ஏறியது. 1940-இல் வெடிபொருள் விதிகள் வந்து பட்டாசு செய்வதும் வைத்திருப்பதும் விற்பதும் லைசென்சுக்குள் வந்தன. விதிகள் 1983-இலும் 2008-இலும் புதுப்பிக்கப்பட்டன. இன்றைக்குச் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையைப் பற்றிக் கேட்டால், ‘நாக்பூர் லைசென்சா, சென்னை லைசென்சா, டி.ஆர்.ஓ. லைசென்சா?’ என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். எவ்வளவு மருந்து கையாளலாம் என்பதை வைத்து லைசென்ஸ் கொடுக்கிற ஆபீஸ் மாறுகிறது; ஆபீசின் பேரே ஆலையின் சாதிப்பேர் மாதிரி ஆயிப்போச்சு.

விதிகள் அசட்டுத்தனமானவை என்று நான் சொல்ல வரவில்லை. தற்காலிகப் பட்டாசுக் கடைக்கான விதியை எடுத்துப் படித்துப் பாருங்கள். கொட்டகை தீப்பிடிக்காத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். கடைக்கும் கடைக்கும் நடுவில் 3 மீட்டர். குடியிருப்பு மாதிரியான பாதுகாக்க வேண்டிய கட்டடங்களிலிருந்து 50 மீட்டர். கடைகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கக் கூடாது. எண்ணெய் விளக்கு, காஸ் விளக்கு கூடாது. மின்விளக்கு சுவரிலோ கூரையிலோ பொருத்தியிருக்க வேண்டும், வயரில் தொங்கக் கூடாது. ஒரே இடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது. இவற்றில் எதையும் எழுதுமேசையில் உட்கார்ந்து கற்பனை பண்ணியிருக்க முடியாது. எங்கோ ஒரு வயர் தொங்கியிருக்கிறது, எங்கோ எதிர்க்கடைக்கு நெருப்பு தாவியிருக்கிறது என்றுதான் ஒவ்வொரு விதியும் நம்மிடம் சொல்கிறது. கஞ்சாக் கடை விதி வரியிலிருந்து பிறந்தது. பட்டாசுக் கடை விதியில் செத்தவர்கள் இருக்கிறார்கள். இந்த வித்தியாசம் முக்கியமானது. முக்கியமானது என்பதால்தான், இரண்டையும் ஒரே பழைய முறையில் சோதிப்பது ஆபத்தாகிறது.

6

ஒரு ராத்திரியில் தயார் செய்ய முடிகிறவை எவை, முடியாதவை எவை என்று பிரித்துப் பார்க்கலாம். மணல் வாளி, பலகை, அணைப்பான், நோட்டு, சலான், கூடுதல் சரக்கை வேறு இடத்துக்கு மாற்றுவது: இவ்வளவும் ஒரு ராத்திரி வேலை. வேலை செய்கிற பெண்ணுக்கு எந்த மருந்து எதோடு உரசினால் என்ன ஆகும் என்று தெரிந்திருப்பது ஒரு ராத்திரியில் நடக்காது. அவசரத்தில் எந்தக் கதவு வழியாக ஓட வேண்டும் என்று கால்களுக்குப் பழகியிருப்பது ஒரு ராத்திரியில் வராது. லைசென்ஸ் ஒருத்தர் பேரில், நடத்துகிறவர் இன்னொருத்தர் என்கிற உள்குத்தகையை ஒரு நாளில் மாற்றிவிட முடியாது. ஆனால் ஒரு நாளைக்கு மறைத்துவைக்க முடியும். அறைக்கு இத்தனை பேர் என்ற கணக்கு மீறி, மரத்தடியில் உட்கார்ந்து திரி செருகுகிறவர்களை அன்று ஒரு நாள் லீவு சொல்லி அனுப்பிவிடலாம். சோதனை முதல் பட்டியலைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறது. விபத்து இரண்டாவது பட்டியலிலிருந்து வருகிறது.

2012 செப்டம்பர் 5-இல் சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் 38 பேர் செத்தார்கள். உதவி செய்ய ஓடிவந்தவர்களும் அதில் உண்டு. விதிமீறல் கண்டுபிடிக்கப்பட்டு லைசென்சை நிறுத்திவைக்க ஏற்கெனவே உத்தரவாகியிருந்தது என்று அப்போது செய்திகள் வந்தன. அதாவது சோதனை நடந்தது, தப்பைக் கண்டுபிடித்தது, காகிதத்தில் சரியாகத்தான் எழுதியது. உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்களிடம் அந்தக் காகிதத்தை யார் படித்துக் காட்டினார்கள்? 2023 அக்டோபர் 7-இல் கர்நாடக எல்லையில் அத்திபள்ளியில் ஒரு பட்டாசுக் கடையும் கிடங்கும் எரிந்து அன்றே 14 பேர் போனார்கள். பெரும்பாலும் தீபாவளி சீசன் வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன இளவட்டங்கள். பத்து நாள் கழித்து அக்டோபர் 17-இல் நம் ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலுமாக 14 பேர். ரெங்கபாளையத்தில் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கடை என்றால் ஆலையைவிடப் பத்திரம் என்கிற நினைப்பை அந்த ஒரு மாதம் பொசுக்கிவிட்டது.

7

உலகம் இதற்குள் வேறு திசையில் ஒரு சுற்று சுற்றி வந்திருக்கிறது. 2014 ஜனவரி 1-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சில்லறைக் கஞ்சாக் கடைகள் சட்டப்படி திறந்தன. 2018 அக்டோபர் 17-இல் கனடா நாடு முழுக்க அனுமதித்தது. ஆறு நாள் கழித்து, அக்டோபர் 23-இல், நம் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு நேரக் கட்டுப்பாடும் பசுமைப் பட்டாசு நிபந்தனையும் விதித்தது. ஒரே வாரத்தில் அங்கே ரெய்டுக்குரிய சரக்கு செக்கிங்குக்குரிய சரக்காகிறது. இங்கே செக்கிங்குக்குரிய சரக்கு கொஞ்சம் ரெய்டு பக்கமாக நகர்கிறது. ஒரு சரக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைச் சரக்கின் குணம் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கொலராடோவில் செடிக்குச் செடி மின்னணு அடையாளச் சீட்டு கட்டுகிறார்கள். விதை போட்டதிலிருந்து கடை மேஜை வரைக்கும் கணினியில் தடம் இருக்கிறது. நம் பனைமரத்தில் இட்ட அடையாளம்தான் இது, கொஞ்சம் பளபளப்பாக. கனடாவில் பொட்டலத்தின் மேல் வரி முத்திரை, நம் பேண்ட்ரோல். கேமரா, பூட்டிய அறை, வயசுச் சான்று, நாள்தோறும் சரக்கை எண்ணிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது. கடைக்காரர்கள் சோதனைக்குத் தயாராக நீளமான பட்டியல்கள் வைத்திருக்கிறார்கள். பூ அங்கேயும் காயத்தான் செய்கிறது. எடை குறையத்தான் செய்கிறது. கணினிக் கணக்கும் தராசும் ஒத்துப்போக வேண்டிய பழைய அவஸ்தை அங்கேயும் இருக்கத்தான் செய்யும். கண்காணிப்பின் கருவி மாறுவதால் மட்டும் அதன் கேள்வி மாறிவிடாது.

அப்ப என்னதான் செய்யணும் என்று கேட்டால், சோதனையே வேண்டாம் என்கிற தாராளவாத வியாபாரப் பேச்சை நான் ஏற்க மாட்டேன். செத்தவர்கள் எழுதிய விதிகளை உயிரோடு இருக்கிற முதலாளிகளின் வசதிக்காகக் கைவிட முடியாது. ‘இன்னும் கடுமையாகச் சோதிப்போம்’ என்று ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் வருகிற அறிக்கையிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கடுமை கூடினால் முந்தின நாளின் ஆயத்தம்தான் கூடும். 1894-இல் பைத்தியக்கார ஆஸ்பத்திரி ரிஜிஸ்டருக்கு நடந்தது, நம் பட்டாசு ரிஜிஸ்டருக்கு நடக்க வேண்டும். இந்த நோட்டை யார் எழுதியது, எப்போது எழுதியது, எழுதும்போது சரக்கைப் பார்த்தாரா, செக்கிங்கை நினைத்தாரா என்று கேட்க வேண்டும். அதைக் கேட்க வேண்டிய இடம் கல்லாப்பெட்டிக்குப் பக்கம் இல்லை. திரி செருகுகிறவரிடம், கிஃப்ட் பாக்ஸ் அடைக்கிறவரிடம், சீசனுக்கு மூட்டை தூக்க வந்த பையனிடம் கேட்க வேண்டும். அதுவும் முதலாளி, ஃபோர்மேன் காதில் விழாத இடத்தில், அவர் வேலை போய்விடாது என்ற உத்தரவாதத்தோடு. நேற்று எத்தனை பேர் அந்த அறையில் இருந்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். யாருக்கு உண்மையில் குத்தகை என்பதும் தெரியும். இன்றைக்கு மரத்தடி ஏன் காலியாகக் கிடக்கிறது என்பதும் தெரியும். இத்தனை வருஷத்து லைசென்ஸ் படிவங்களில் அவர்கள் பதில் எழுத ஒரு கட்டம்கூட இல்லை.